அக்காவிடம் உண்மையைச் சொல்லாமல் இரத்தம் எடுக்கலாமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் இந்த வாசகிக்கு 29 வயது. கலியாணமாகி ஒன்றரை வருடம். அவருக்கு 34 வயதில் ஒரு அக்கா. ஆரம்பப் பாடசாலை ஆசிரியை, கலியாணம் செய்யவில்லை. அக்காவுக்கு மற்றப் பிள்ளைகளைப் போலவே 13 வயதளவில் மார்பு வளர்ந்தது. ஆனால் 17 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை. வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தபோது, ஸ்கேனில் கருப்பை இல்லை என்றும் நிறமூர்த்தப் (குரோமோசோம்) பரிசோதனையில், வழமையாக ஆண்களில் காணப்படும் 46 எக்ஸ்-வை (பெண்களில் எக்ஸ்-எக்ஸ்) என்றும் முடிவு வந்தது. அடுத்த வருடம் வயிற்றுக்குள் இருந்த சுரப்பிகள் இரண்டையும் சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். "சூலகத்தில கட்டி இருந்தது, எடுத்தாச்சு" என்பது மட்டும்தான் அக்காவுக்குச் சொல்லப்பட்டது. முழு விபரத்தையும் அம்மா கடந்த வருடம், அப்பாவின் ஆட்டைத் திவசம் முடிந்த அன்றிரவு, வாசகியிடம் சொல்லியிருக்கிறார்.

இப்போது லண்டனில் இருக்கும் மச்சாள், சென்னைக்குப் போய்ச் சோதனைக்குழாய் முறையில் முளையங்களை (ஆரம்பநிலைக் கருக்களை) உண்டாக்கி, பரிசோதித்து, "இந்தப் பிரச்சினை இல்லாததை" வைக்கும்படி சொல்கிறார். அந்தச் சிகிச்சை நிலையம் பாதிக்கப்பட்ட உறவினரின் இரத்த மாதிரியைக் கேட்டிருக்கிறது. வாசகி கேட்கிறார்: "விற்றமின் குறைவோ எண்டு பாக்கிறம் எண்டு சொல்லி அக்காவின்ர இரத்தத்தை எடுத்து அனுப்பலாமோ? அக்கா உண்மையில ஆம்பிளையோ? எனக்குப் பிறக்கிற பிள்ளையளும் இப்பிடித்தானோ? பிள்ளை கஷ்டப்படக்கூடாது எண்டு, இப்பிடியொரு பிள்ளை வேண்டாம் எண்டு நினைக்கிறது பாவமோ?" கடிதத்தின் அடியில் ஒரு வரி: "உடம்பு ஊதுது எண்டு அக்கா போட்ட குளிசையையும் ரெண்டு வருசமா விட்டிட்டா."

எங்கள் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதற் கேள்விக்கு முதலில் பதில். கூடாது. பொய்க் காரணம் சொல்லி அக்காவின் இரத்தத்தை எடுக்கக் கூடாது. ஏன் என்பதையும், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதையும் கீழே எழுதுகிறேன். அதற்கு முன்னர் அக்காவின் உடம்பில் என்ன நடந்தது என்று நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் மற்றக் கேள்விகள் எல்லாம் அதில்தான் தங்கியிருக்கின்றன.

நீங்கள் எழுதிய அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்தால், அக்காவுக்கு இருப்பது பெரும்பாலும் முழுமையான அன்ட்ரோஜன் உணர்வின்மை. வை நிறமூர்த்தம் இருப்பதால் கருவில் விதைச் சுரப்பிகள் உருவாகின்றன. அவை இரண்டு செய்திகளை அனுப்புகின்றன. "கருப்பை வளர வேண்டாம்" என்ற முதற் செய்தியை உடம்பு கேட்கிறது. இரண்டாவது, "ஆணுடம்பாக வளர" என்ற செய்தி. அது டெஸ்டஸ்டெரோன் என்ற ஆண் ஓமோன் (அன்ட்ரோஜன்) வழியாக வருகிறது. அதைக் கேட்க, கலங்களில் அந்த ஓமோனைப் பிடித்துக்கொள்ளும் 'வாங்கி' ஒன்று வேலை செய்ய வேண்டும். எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரையலகில் (மரபணுவில்) மாற்றம் இருந்தால் அந்த வாங்கி வேலை செய்யாது. ஓமோன் எவ்வளவு சுரந்தாலும் உடம்புக்கு அது இல்லாதது போலத்தான். அந்த ஓமோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறும். மார்பு வளர்ந்தது அதனால்தான். ஆகவே "உண்மையில் ஆம்பிளை" என்பது பிழையான பேச்சு. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் உங்கள் அக்கா. நிறமூர்த்த அறிக்கையில் உள்ள ஓர் எழுத்து அதை மாற்றிவிடாது. ஆண், பெண் என்ற வழமையான உடலமைப்புக்குள் முழுதாக அடங்காத இடைப்பாலின உடல்நிலைகள் பல உள்ளன, இது அவற்றில் ஒன்று. எக்ஸ்-வை நிறமூர்த்தத்தோடு பிறப்பவர்களில் ஏறக்குறைய 20,000 முதல் 64,000 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது.

"பெரும்பாலும்" என்று நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நிறமூர்த்தப் பரிசோதனை எக்ஸ், வை என்பதைக் காட்டும். எந்தப் பரம்பரையலகில் மாற்றம் என்பதைக் காட்டாது. இதே 46 எக்ஸ்-வை முடிவைத் தரும் வேறு நிலைகளும் உண்டு. சிலவற்றில் பருவ வயதில் மார்பு வளராமல் குரல் தடிக்கும். அவை தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வர வேண்டியவை. அப்படியானால் கணக்கே வேறு. உங்கள் கணவர் நெருங்கிய சொந்தம் இல்லையென்றால் உங்கள் பிள்ளைக்கு ஆபத்து மிகமிகக் குறைவு. சரியான பெயர் தெரியாமல் முளையத்தைப் பரிசோதிக்கப் புறப்படுவது, முகவரி இல்லாமல் ஊர் தேடுவது போல.

உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு வாய்ப்பு?

அன்ட்ரோஜன் உணர்வின்மைதான் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய பத்தில் மூன்று குடும்பங்களில் இந்த மாற்றம் தாயிடமிருந்து வருவதில்லை. அந்தப் பிள்ளையில்தான் புதிதாகத் தோன்றுகிறது. மற்றப் பத்தில் ஏழில் தாய் ஒரு காவி. அதாவது தனக்கு எந்தப் பாதிப்பும் இல்லாமல் மாற்றத்தைத் தாங்கியிருப்பவர். அம்மா காவியாக இருந்தாலும் அது உங்களுக்கு வந்திருப்பதற்கு இரண்டில் ஒரு வாய்ப்புத்தான். ஆக, எந்தப் பரிசோதனையும் செய்யாத இன்றைய நிலையில் நீங்கள் காவியாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்று.

நீங்கள் காவிதான் என்றாலும் "பிள்ளையள் எல்லாம்" என்பது பிழை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கு வழிகள் சம வாய்ப்பில் இருக்கின்றன: மாற்றமில்லாத மகள், உங்களைப் போல் காவியான மகள், மாற்றமில்லாத மகன், அக்காவைப் போன்ற மகள். காவி என்று உறுதியானால் நான்கில் ஒன்று. இன்றைய கணக்கில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒன்று. நீங்கள் காவி இல்லை என்று வந்துவிட்டால் சென்னைப் பயணத்துக்கே வேலை இல்லை. மச்சாள் தொடங்கச் சொன்ன இடம் கடைசிப் படி. முதற்படி உங்கள் கையிலிருந்து எடுக்கும் ஒரு குழாய் இரத்தம்.

அக்காவின் இரத்தம்

ஆய்வுகூடம் அந்த மாதிரியைக் கேட்பதில் நியாயம் உண்டு. ஒரு குடும்பத்தில் ஓடும் மாற்றம் எது என்பதைப் பாதிக்கப்பட்டவரிடம்தான் நிச்சயமாகக் கண்டுபிடிக்கலாம். முழுமையான வகை உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது கிடைத்துவிடும். பிறகு அதே இடத்தை உங்களிலும் முளையங்களிலும் பார்ப்பார்கள்.

ஆனால் நீங்கள் கேட்பது என்ன என்பதை ஒருமுறை அக்காவின் இடத்திலிருந்து பாருங்கள். தன்னைப் போன்ற ஒருவர் பிறக்காமல் பார்த்துக்கொள்வதற்காக, தன் இரத்தத்தைத் தானே அறியாமல் தருகிறார். 18 வயதில் ஒருமுறை "கட்டி" என்று சொன்னார்கள். 34 வயதில் "விற்றமின்" என்று சொல்லப் போகிறீர்கள். முதலாவது பொய்யைச் சொன்னது பயந்துபோன பெற்றோர். இரண்டாவதைச் சொல்லப்போவது தங்கச்சி. அது வெளியில் வராமல் இருக்காது. அறிக்கை உங்கள் மின்னஞ்சலுக்கு வரும், அதில் அவருடைய பெயர் இருக்கும்.

சட்டப்படியும் இது சரியில்லை. வயதுவந்த ஒருவரிடம் மரபணுப் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதென்றால், எதற்காக என்று விளக்கி அவருடைய சம்மதம் பெற வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட வகைத் தரவாகவே வைத்திருக்கிறது. அவருக்காக நீங்களோ அம்மாவோ கையெழுத்து வைக்க முடியாது.

அக்கா மறுத்தால் வழி அடைபட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். உங்கள் இரத்தத்திலேயே அந்தப் பரம்பரையலகை முழுமையாக வாசிக்கலாம். நோய் உண்டாக்கும் மாற்றம் கண்டால் நீங்கள் காவி. ஒன்றும் காணவில்லை என்றால் ஆறுதல்தான், ஆனால் முழு உறுதி இல்லை. ஏனெனில் ஒரு பெரிய துண்டு அப்படியே இல்லாமல் போயிருந்தால் சாதாரண வாசிப்பில் தப்பிவிடும். துண்டு இழப்பையும் பார்க்கும் பரிசோதனையைச் சேர்த்துச் செய்யுமாறு கேளுங்கள். அம்மா சம்மதித்தால் அவருடைய இரத்தமும் உதவும். இவற்றுக்குக் கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவில் ஆலோசனை பெறலாம். இங்குள்ள உங்கள் விஓஜியிடமோ (மகப்பேற்று நிபுணரிடமோ) அகஞ்சுரப்பியியல் (ஓமோன் தொடர்பான) நிபுணரிடமோ ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

சென்னையில் என்ன செய்வார்கள், எங்கே பிழைக்கும்?

10 முதல் 12 நாட்கள் தினமும் ஓமோன் ஊசி. இடையில் மூன்று நான்கு முறை ஸ்கேன். கடைசி ஊசி போட்டு 34 முதல் 36 மணித்தியாலத்தில் மயக்கம் கொடுத்து ஊசிமூலம் சூல்முட்டைகளை எடுப்பார்கள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரேயொரு விந்தை நேரடியாகச் செலுத்துவார்கள். வெளியில் ஒட்டியிருக்கும் வேறு விந்துகளின் மரபுப்பொருள் பரிசோதனையைக் குழப்பாமல் இருக்கத்தான் இது. ஐந்தாம், ஆறாம் நாளில் முளையம் ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர் அளவான ஓர் உருண்டை. நச்சுக்கொடியாக வளரவிருக்கும் அதன் வெளிப்படையிலிருந்து 5 முதல் 10 கலங்களை எடுத்து அனுப்பிவிட்டு, முளையத்தை உறையவைப்பார்கள். முடிவு வந்த பிறகு வேறொரு மாதத்தில்தான் கருப்பைக்குள் வைப்பார்கள். ஒரே பயணத்தில் முடியும் வேலை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

எண்ணிக்கை ஒவ்வொரு படியிலும் உதிரும். 10 முட்டை எடுத்தால் முதிர்ந்தவை 8 வரை, கருக்கட்டியவை 6 வரை, பரிசோதிக்கும் நிலைக்கு வருபவை 2 அல்லது 3. அதில் நான்கில் ஒன்றைக் கழியுங்கள். வைக்கக்கூடியதாக ஒன்றோ இரண்டோ மிஞ்சும், சிலவேளை ஒன்றுமே மிஞ்சாது. நல்ல முளையத்தை வைத்தாலும், உங்கள் வயதிலும், ஏறக்குறைய பாதிதான் பிள்ளையாகக் கைக்கு வரும். பிள்ளைப்பேற்றுக் குறைபாடு எதுவும் இல்லாத உங்களுக்கு இயற்கையாகக் கருத்தரிப்பதே இலகு. பல இலட்சம் ரூபாய் செலவு ஒருபுறம், ஊசியின் பாரம் முழுவதும் உங்கள் உடம்பில். சூலகம் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் வயிறு ஊதும், மூச்சு வாங்கும், சலம் குறையும். அப்படியானால் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

முடிவும் நூற்றுக்கு நூறு இல்லை. சில கலங்களிலிருந்து மரபுப்பொருளைப் பெருக்கும்போது இரண்டு பிரதிகளில் ஒன்று பெருகாமல் விடுபடலாம். அதனால்தான் மாற்றத்தின் இருபுறமும் உள்ள அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதனால்தான் கர்ப்பமான பிறகும் உறுதிப்படுத்தும் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள்.

நிலையத்திடம் எழுத்தில் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். எங்கள் குடும்பத்தின் மாற்றத்துக்கென்று பரிசோதனையை முன்கூட்டியே அமைத்துச் சரிபார்ப்பீர்களா? அல்லது எக்ஸ்-எக்ஸ் முளையத்தை மட்டும் தெரிவு செய்வதா உங்கள் திட்டம்? இரண்டாவது என்றால் எழும்பி வந்துவிடுங்கள். அது எந்தப் பாதிப்பும் இல்லாத ஆண் முளையங்களையும் சேர்த்தே தள்ளுகிறது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் பால் தெரிவையும், பாலை வெளியே சொல்வதையும் தடை செய்கிறது. அங்குள்ள 2021ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம், குடும்பத்தில் ஏற்கெனவே அறியப்பட்ட மரபுவழி நோய்க்காக மட்டுமே முளையப் பரிசோதனையை அனுமதிக்கிறது.

"காவியும் வேண்டாம், வேரோட போகட்டும்" என்று வீட்டில் யாராவது சொல்லக்கூடும். காவியான மகள் என்றால் உங்களைப் போல் ஒருத்தி. அதற்கு இடம் கொடாதீர்கள்.

இங்கேயே கர்ப்பத்தில் பரிசோதித்துப் பிறகு முடிவெடுப்போம் என்ற யோசனையும் வரலாம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக அன்றிக் கருவைக் கலைப்பது குற்றம். ஆகவே இங்கே கர்ப்பகாலப் பரிசோதனை முன்கூட்டி அறிந்து ஆயத்தமாவதற்கு மட்டும்தான்.

"பாவமோ?"

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருப்பதே உங்கள் மனதைக் காட்டுகிறது. வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்கள் இருவருக்கும்தான் உண்டு, மச்சாளுக்கோ எனக்கோ இல்லை. இங்கிலாந்தில் முளையப் பரிசோதனைக்கு அனுமதிக்கப்பட்ட நிலைகளின் பட்டியலில் அன்ட்ரோஜன் உணர்வின்மையும் உண்டு. அதே வேளை, இடைப்பாலினத்தவர் பலர் அதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். உயிரைப் பறிக்காத ஓர் உடல் வேறுபாட்டை நோய் என்று எழுதி, பிறக்கவே விடாமல் செய்கிறீர்கள் என்பது அவர்களின் வாதம். என் மனம் பெரிதும் அவர்கள் பக்கம்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். இடைப்பாலின நிலைகளில் ஒன்றாகவே எண்ணப்படும், பிறவியிலேயே வரும் அதிரீனல் (சிறுநீரகத்தின் மேலுள்ள) சுரப்பிக் குறைபாட்டின் உப்பிழப்பு வகையில், பிறந்து ஒன்றிரண்டு கிழமைகளுக்குள் குழந்தை சத்தியெடுத்து, உடம்பு வற்றி, கவனிக்காவிட்டால் இறந்துபோகும். வாழ்நாள் முழுவதும் மருந்து தவறக்கூடாது. அப்படியொரு குழந்தையை இழந்த தாய் முளையப் பரிசோதனையைக் கேட்டால் காப்பாற்றப்படுவது உயிர் என்று விளங்குகிறது. அக்காவின் நிலையில் அப்படி எதுவும் இல்லை. "பிள்ளை கஷ்டப்படக்கூடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கஷ்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். பிள்ளை பெற முடியாது. இது உண்மையான இழப்பு, குறைத்துப் பேச மாட்டேன். சுரப்பியை எடுத்தவருக்குத் தினமும் ஒரு குளிசை. பிறப்புவழி குறுகலாக இருந்தால் சத்திரசிகிச்சை இல்லாமலே படிப்படியாக விரிவாக்கும் பயிற்சி. மருத்துவம் தரும் பட்டியல் இவ்வளவுதான். கட்டி என்ற பொய், ஏன் கலியாணம் பேசவில்லை என்று தெரியாமல் கழிந்த வருடங்கள், ஊர் வாய்க்குப் பயந்த வீட்டு மௌனம், இவையெல்லாம் நாங்கள் சேர்த்தவை. முளையத்தை மாற்றி இவற்றைத் தீர்க்க முடியாது.

இன்னொன்று. அக்காவை நேசிப்பதும் இந்தப் பரிசோதனையைச் செய்வதும் ஒன்றாக இருக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. பலர் இரண்டையும் செய்திருக்கிறார்கள். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத காரணத்துக்காக அதைச் செய்யாதீர்கள்.

பரிசோதனை இல்லாமல் பிள்ளை பெற்றால்

கருத்தரிக்க முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் போலிக்கமிலம் தொடங்குங்கள். குடும்ப விபரத்தை விஓஜியிடம் மறைக்காதீர்கள். பெண்குழந்தை பிறந்து, கவட்டில் ஒரு பக்கமோ இரு பக்கமோ குடலிறக்கம் போல வீக்கம் தெரிந்தால், சத்திரசிகிச்சைக்கு முன்பே இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது விதைச் சுரப்பியாக இருக்கலாம். அதை அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை. பருவமடையும் முன் புற்றுநோய் ஆபத்து மிகக் குறைவு, சுரப்பி இருந்தால் பருவ வளர்ச்சி தானாகவே வரும். அதனால் இப்போது பருவ வயது தாண்டும்வரை பொறுத்து, பிள்ளையிடமே கேட்டு முடிவெடுக்கிறார்கள். தேவையற்ற "திருத்தும்" சத்திரசிகிச்சையை மோல்டா நாடு 2015இல் சட்டத்தால் தடுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் தந்த தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசும் குழந்தைகளில் அதைத் தடை செய்தது. இலங்கையில் அப்படியொரு சட்டம் இல்லை. எனவே பெற்றோர்தான் "இது இப்போதே அவசியமா?" என்று கேட்க வேண்டும்.

அக்காவோடு பேசுவது

உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்கு மிக அவசரமாகப் படுகிறது. சுரப்பிகள் எடுக்கப்பட்ட ஒருவர் ஈஸ்ட்ரோஜன் குளிசையை விட்டால், மாதவிடாய் நின்றவருக்கு நடப்பதே 32 வயதில் நடக்கும். எலும்பு கரையும், அதுவும் முதல் சில வருடங்களில்தான் வேகமாக. அக்காவுக்கு இது தெரிந்திருந்தால் விட்டிருப்பாரா? கட்டி எடுத்த பிறகு ஏன் காலமெல்லாம் குளிசை என்று அவர் யோசித்ததில் என்ன பிழை? கருப்பை இல்லாததால் அவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். வழமையாக 50 வயதளவு வரை தொடர்வார்கள். உடம்பு ஊதினால் அளவையோ வகையையோ மாற்றலாம், தோலில் ஒட்டும் வகையும் உண்டு. ஆனால் வீட்டில் இருக்கும் பழைய குளிசையைத் தாங்களாகத் திரும்பத் தொடங்க வேண்டாம்.

சொல்வதை இப்படி ஒழுங்குபடுத்துங்கள். முதலில் அம்மாவோடு பேசுங்கள். "உன்னைக் குற்றம் சொல்ல இல்லை" என்று தொடங்குங்கள். அந்தக் காலத்தில் பிள்ளையிடம் சொல்ல வேண்டாம் என்று வைத்தியர்களே பெற்றோருக்குச் சொல்வதுண்டு. பிறகு, நாள் கிழமை, விருந்தாள் இல்லாத ஒரு நேரத்தில், அக்காவிடம் ஒரேயொரு கேள்வி: "அந்த ஒப்பரேசன் பற்றி இன்னும் சில விசயம் இருக்கு. உனக்கு அறிய விருப்பமோ? டொக்டர் விளங்கப்படுத்துவார்." வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். 34 வயது ஆசிரியை, கையில் போன், அலுமாரியில் பழைய அறிக்கை. பாதியை அவர் ஏற்கெனவே தேடி அறிந்து தனியாகச் சுமந்துகொண்டிருக்கவும் கூடும். ஓம் என்றால் அகஞ்சுரப்பியியல் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். வைத்தியர் அவரோடு தனியாகப் பேச இடம் விட்டு, நீங்கள் வெளியே இருங்கள்.

அந்த முதற் சந்திப்பில் உங்கள் பிள்ளை பற்றிய பேச்சை எடுக்க வேண்டாம். அது அவருடைய நாள். சில கிழமை கழித்து, அவர் கொஞ்சம் ஆறிய பிறகு, உங்களுக்கு எதற்காக உதவி வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிக் கேளுங்கள். அவர் இல்லை என்றால் இல்லைதான்.

கிளினிக்குக்குப் போகும்போது 17, 18 வயதில் தந்த டயக்னோசிஸ் காட் (வைத்தியசாலை தந்த நோய்க்குறிப்பு அட்டை), நிறமூர்த்த அறிக்கை, எடுத்த சுரப்பியின் திசுப் பரிசோதனை அறிக்கை, போட்டுவந்த குளிசையின் வெறும் மட்டை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். காட் தொலைந்திருந்தால் சத்திரசிகிச்சை செய்த வருடத்தையும் வார்ட்டையும் சொல்லி, அந்த வைத்தியசாலையின் பதிவறையில் அக்காவின் அடையாள அட்டையோடு அவரே கேட்கலாம். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும், விற்றமின் டி அளவும் தேவையா என்று அன்றைக்கே கேளுங்கள். விற்றமின் பரிசோதனை என்று அப்போது சொன்னால் அது உண்மையாகவே இருக்கும்.